குறில் ஒம், நெடில் ஓம்

வைன் கொட்டிலின் கதவில் இருக்கும் தாளைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறீர்களாம், கேள்விப்பட்டேன். "உள்ளே ஓம் சொல்லாதேங்கோ. யா சொல்லுங்கோ." எழுதியவள் நான்தான். பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்து, யாராவது கழற்றினால் வந்து வாய்க்கு வந்தபடி பேசுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். கோயில் உள்வீதியில் என்னைக் கண்ட ஒரு சிநேகிதி, "என்னடி, சைவக்காரி நீ, ஓம் சொல்லக்கூடாதெண்டு எழுதி ஒட்டியிருக்கிறியாம். அல்லேலூயாவிலை சேந்திட்டியோ?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இருக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தொட்டிகளுக்கு நடுவே நிற்கப் போகிறவர்கள் நீங்கள்.

கொடி வெட்டுவது, பழம் பிழிவது, குழாய் கழுவுவது எல்லாம் அங்கேயே காட்டித்தருவார்கள். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன் இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அந்த நாளின் அருமை உங்களுக்குப் புரியாது.

நான் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. இந்த டெனிஷ் நாட்டிலே, கோல்டிங் நகரத்தில் நான் வேலை செய்த பிஸ்கற் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். வேலை தேடித்தரும் ஜொப்சென்டரில் இருந்த பெண், பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு வைன் தோட்டம் இருக்கிறது, கொடி கட்ட ஆள் தேடுகிறார்கள் என்றாள். வீட்டுக்கு வந்து என் மனிசனிடம், "இந்தக் குளிருக்குள்ளை முந்திரிகையாம். ஆரை ஏமாத்தப் பாக்கினம்?" என்று சொல்லி வயிறு நோகச் சிரித்தேன். முந்திரிகை என்றால் எங்களுக்குத் திராட்சை. தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் முந்திரிப் பருப்பை நினைத்துக் குழம்பாதீர்கள்.

ஏப்ரலில் முதன்முதலாகப் போனபோது மலைச்சரிவு முழுக்கக் காய்ந்த தடிகள்தான் நின்றன. இதிலே உயிர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அடிக்க வேண்டும் போலிருந்தது. மே தொடக்கத்தில் அந்தத் தடிகளின் கணுவில் இளஞ்சிவப்பாக ஒரு மொட்டு வந்தது, என் சின்ன விரல் நகத்தளவு. ஜூனில் இரவு பத்து மணிக்கும் சூரியன் போகமாட்டேன் என்று மேற்கே நின்றது, கொடிகள் அந்த வெளிச்சத்தைக் குடித்துக் குடித்து என் தலைக்கு மேலே போய்விட்டன. செப்டம்பரில் பழம் பொன்னிறமாகி, குளவிகள் மொய்த்து, காலையில் தோட்டத்துக்குள் போனால் மணம் முகத்தில் வந்து முட்டியது. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். முதலில் இனிப்பு. நாக்கு அதை நம்பும்போதே பின்னால் புளிப்பு ஓடி வந்து பிடித்துக்கொண்டது. ஐயோ, நான் வாய் பிளந்து நின்றேன். அந்த வரிசையின் நடுவிலே, கையில் கத்திரிக்கோலோடு, வேலை செய்ய வந்தவள் என்பதையே மறந்து நின்றேன்.

அந்தப் பழத்தின் பெயர் சொலாரிஸ். சூரியனின் பெயர் வைத்த பழத்தை, சூரியன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிற நாட்டில் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அது விளைகிறது. வெள்ளை வைனாகிறது. இத்தனை வருஷம் வேலை செய்தும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை. உங்களுக்குத் தீர்ந்துவிட்டால் வேறு வேலை தேடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்த நாளில் கொட்டிலோடு சம்பந்தப்பட்டவர்கள் நான்கு பேர். தோட்டத்துக்குச் சொந்தக்காரி பிரிட்டா. அப்பாவின் மாட்டுக் கொட்டிலைக் கழுவி வெள்ளையடித்து, மாடு நின்ற இடத்தில் எவர்சில்வர் தொட்டிகளை நிறுத்தியவள். அடுத்தது ஹென்ரிக், பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்த டெனிஷ்காரர். எந்த வேலையையும் சொல்லி முடிப்பதற்குள் செய்து முடித்துவிடுவார். மூன்றாவது சீலன் அண்ணை, எங்கள் யாழ்ப்பாணத்து ஆள், பெந்தெகொஸ்தே சபைக்காரர். வைன் கொட்டிலில் வேலை, ஆனால் ஒரு துளி வைன் உள்ளே இறங்கியதில்லை. "நீங்கள் இஞ்சை வேலை செய்யிறது போதகருக்குத் தெரியுமோ அண்ணை?" என்று நான் சீண்டினால், "ஆண்டவர் தண்ணியை வைனாக்கின கானாவூர்க் கலியாணத்திலை தண்ணி ஊத்தினவையும் வேலைக்காரர்தான், தங்கச்சி" என்பார். நாலாவது ஆள் நான்.

எங்களுக்கு முன்னே கெட்ட வருஷங்கள் போயிருந்தன. ஒரு வருஷம் மே மாதத்து உறைபனி மொட்டுகளை எல்லாம் கருக்கிவிட்டது. அடுத்த வருஷம் கோடை முழுக்க மழை, வைன் பச்சைப் புளியாக, எலும்பும் தோலுமாக வந்தது. பக்கத்துக் காணிக்காரர் கிறிஸ்மஸ் மரம் வளர்க்கிறவர். அவர் வந்து வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, இந்தச் சரிவைத் தந்தால் வசந்தத்தில் கன்று வைக்கலாம் என்று கேட்டார். நல்ல மனிதர், ஆசையை ஒளிக்கத் தெரியாது. பிரிட்டா அவரிடம், "இந்த வருச வைனைக் குடிச்சுப் பாத்திட்டு மார்ச்சிலை பதில் சொல்லுறன்" என்றாள். டெனிஷ்காரர் பேசியதை எல்லாம் எங்கள் தமிழில்தான் உங்களுக்குச் சொல்கிறேன். எங்களிடம் வந்து, "இதுவும் சரிவரேல்லை எண்டால் கொடியளைப் பிடுங்கத்தான் வேணும்" என்றாள். என் கையால் கட்டிய கொடிகள் அவை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வருஷம் கோடை என்றால் கோடை. பழம் வந்த வரத்தைப் பார்த்து ஹென்ரிக்கே விசில் அடித்தார். கடைசியாகப் பறித்த கொஞ்சத்தைத் தவிர சொலாரிஸ் முழுவதையும் பின் சுவரோடு நின்ற பெரிய தொட்டியில் விட்டோம். நுரைத்துப் பொங்கி, மெல்ல அடங்கி, நவம்பரில் அது கிட்டத்தட்ட வைனாகிவிட்டது. தொட்டியில் காதை வைத்தால் உள்ளே இன்னும் மெல்லிய இரைச்சல் கேட்கும், யாரோ தூரத்தில் கிசுகிசுப்பது போல. நான் தினமும் காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுவேன்.

அடியில் மண்டி படிந்திருந்தது. மழை வருஷத்தில் மண்டியிலிருந்து கெதியாக, அவசரப்பட்டுப் பிரித்ததால்தான் வைன் மெலிந்துபோனது என்பது பிரிட்டாவின் நினைப்பு. ஆகவே இந்த முறை வசந்தம் வரைக்கும் மண்டியின் மேலேயே கிடக்கட்டும், உடம்பு வைக்கட்டும், யாரும் தொடக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அதுதான் அவளுடைய கடைசி நம்பிக்கை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். தெளிந்த வைனை மண்டியிலிருந்து பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றுவதை டெனிஷில் "ஸ்டிக்கெ ஒம்" என்பார்கள். ஒம் என்றால் மாற்றி, திரும்ப, இன்னொரு தரம் என்றெல்லாம் அர்த்தம் வரும். வேலை மும்முரத்தில் யார் முழுதாகச் சொல்கிறார்கள்? "இது ஒம்?" என்று கேட்பார்கள், "ஒம்" என்று பதில் வரும், பம்ப் ஓடும். டெனிஷ்காரரின் ஒம் குறில். எங்கள் யாழ்ப்பாணத்து ஓம் நெடில், ஆமாம் என்று அர்த்தம், டெனிஷில் யா. பள்ளிக்கூடத்தில் என்றால் வாத்தியார் பிரம்போடு நின்று வித்தியாசம் சொல்லித்தருவார். கம்பிரசர் இரைகிற கொட்டிலில் மாத்திரை எண்ணிக்கொண்டு யார் நிற்கிறார்கள்?

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆமா என்பவர்கள், உங்களால் வைனுக்கு ஆபத்தில்லை. தலையாட்டுவதை மட்டும் குறையுங்கள். டெனிஷ்காரருக்கு அது ஆமாவா இல்லையா என்று கடைசிவரைக்கும் விளங்குவதில்லை.

அன்று பிரிட்டா தோட்டக்காரர்கள் கூட்டம் ஒன்றுக்காகக் கோபன்ஹேகன் போயிருந்தாள், போனும் ஓஃப். நான் மேலே சரிவில் கம்பிக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டிலில் ஹென்ரிக்குக்கு ஒரே ஒரு வேலைதான், மற்றப் பழங்களில் செய்த வைன் இருந்த சின்னத் தொட்டியை மாற்றுவது. அவர்தான் சொல்லி முடிப்பதற்குள் செய்கிறவராயிற்றே. அது முடிந்துவிட்டது. கழுவித் துடைத்த இன்னொரு பெரிய வெறும் தொட்டி பக்கத்தில் நிற்கிறது. சும்மா நிற்கப் பிடிக்காமல், மூலையில் நின்ற சீலன் அண்ணையைப் பார்த்து, "பெரிசு, ஒம்?" என்று கத்திக் கேட்டிருக்கிறார். சீலன் அண்ணை முதுகைக் காட்டிக்கொண்டு போனில் நின்றிருக்கிறார். "ஓம்" என்று பதில் வந்தது. நிச்சயமாக்கிக்கொள்ள இன்னொரு முறை கேட்டிருக்கிறார் ஹென்ரிக். "ஓம், ஓம்" என்று இன்னும் பலமாக வந்தது. பிரிட்டா மனம் மாறி அண்ணையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பம்பைப் போட்டுவிட்டார்.

நான் கோப்பி குடிக்க இறங்கி வந்து கதவைத் திறந்தபோது பம்ப் சத்தம் கேட்டது. குழாய் பெரிய தொட்டியில் பூட்டியிருந்தது. தொட்டியின் பக்கத்தில் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். பாதி. 

ஓடிப்போய் வால்வைப் பூட்டினேன். பம்பை நிறுத்தினேன். கம்பிரசரையும் நிறுத்தினேன். அந்த நிசப்தத்தில் மூலையிலிருந்து சீலன் அண்ணையின் குரல் மட்டும் கேட்டது. "ஓம்... பால் வாங்கிக்கொண்டு வாறன்... ஓம்... கதிரையும் கொண்டு வரட்டாமோ? ஓம், ஓம்..."

"இந்தா," என்றார் ஹென்ரிக், கையை நீட்டி. "இப்பவும் ஒம் எண்டுதானே சொல்லுறார்!"

சீலன் அண்ணை திரும்பினார். எங்கள் முகத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். போன் கையிலிருந்து இறங்கியது. "ஆண்டவரே," என்றார். "தங்கச்சி, நான் வீட்டிலை மனிசியோடை கதைச்சுக்கொண்டு நிண்டனான். பின்னேரம் செபக் கூட்டத்துக்குச் சனம் வருது. பாலும், அவை இருக்கக் கதிரையும் கொண்டு வாறியளோ எண்டு கேட்டவ. அதுக்குத்தான் ஓம் எண்டனான்." ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்துவிட்டார்.

என் வாயைப் பற்றி உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அன்று அது திறக்கத் தயாராகத்தான் இருந்தது. கோதாரி என்று தொடங்கி வரிசையாக எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்போதுதான் பழைய ஜெர்மன்காரர் ஞாபகம் வந்தார். நான் சேர்ந்த புதிதில் ஒரு அறுவடைக்கு மட்டும் வந்து நின்றவர், வாழ்நாள் முழுக்க நிலவறைகளில் வேலை செய்த மனிதர், முதுகு வளைந்துபோயிருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். அவர் எனக்குச் சொன்னது இதுதான். ஏதாவது பிசகினால் முதலில் வால்வைப் பூட்டு, பிறகு வாயைப் பூட்டு, அதற்குப் பிறகு யோசி. முதலாவதைச் செய்துவிட்டேன். இரண்டாவதைச் செய்ய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"திரும்ப விடுறன்," என்றார் ஹென்ரிக். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "கெதியாய் விட்டால் ஆருக்கும் தெரியாது. இப்பவே... ஒம்?"

நானும் சீலன் அண்ணையும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். திரும்ப விடுவதுதான் முதலில் தோன்றும். ஆனால் திரும்ப விட்டால் வைன் இன்னொரு முறை பம்புக்குள் அடிபடும், இன்னொரு முறை காற்றைக் காணும், அடியில் அடங்கிக் கிடக்கும் மண்டியும் கலங்கிப்போகும். தொடங்கினதை முடித்து மிச்சத்தையும் மாற்றிவிட்டால் வைன் முழுக்க மண்டியை இழக்கும், பிரிட்டாவின் நம்பிக்கை அதோடு சரி. அப்படியே விட்டால் இரண்டு தொட்டியும் பாதி வெறுமை. அந்த வெறுமையில் காற்று நின்றால் வைன் பழுப்பாகி, வாசம் போய், சீரழிந்துவிடும். மூன்று வழியும் ஆபத்து. எந்த வழி குறைந்த ஆபத்து என்பது ஒரே ஒரு கேள்வியில்தான் தங்கியிருந்தது. வைனுக்கு மேலே இருப்பது காற்றா, வைனின் சொந்த மூச்சா?

பொங்குகிற வைன் ஒரு வாயுவை விடும். பள்ளிக்கூடத்தில் காபனீரொட்சைட்டு, கார்பன் டை ஆக்சைடு என்று படித்தது அதுதான். கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிடப் பாரம், ஆகவே வைனின் மேலே போர்வை போலப் படுத்துக்கொண்டு காற்றை அண்டவிடாது. வைனுக்கு அது காவல். மனிதருக்கு அது யமன். அதற்குள் தலையைவிட்டால் கத்துவதற்குக்கூட நேரமிருக்காது. அதனால்தான் அந்த ஜெர்மன்காரர் எந்தத் தொட்டிக்குள் குனிவதற்கு முன்னும் ஒரு சுடரை உள்ளே இறக்கிப் பார்ப்பார். சுடர் நூர்ந்தால், அணைந்தால், குனியாதே என்பார்.

கோப்பி மேசையில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. இந்த நாட்டில் நவம்பர் மாதத்துப் பகலில் மெழுகுதிரி இல்லாத மேசை ஏது? அதை எடுத்துக் கம்பியில் கட்டினேன். ஏணியில் ஏறினேன். சீலன் அண்ணை ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் சுவாமி விளக்கை வாயால் ஊதி அணைப்பதில்லை. பூவால் மெல்லத் தொட்டுத்தான் நூர்ப்போம். பூ வாங்க மறந்த நாளில் அப்படியே எரிந்து முடியட்டும் என்று விட்டுவிடுவேன். தற்செயலாக விளக்கு நூர்ந்தால் அன்று முழுக்க நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்டவள் அன்று பெரிய தொட்டியின் வாய்க்கு மேலே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, "நூந்து போ, நூந்து போ, முருகா, நூர வையப்பா" என்று கும்பிட்டேன்.

கம்பியை மெல்ல இறக்கினேன். சுடர் எரிந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பிறகு, அதை நான் எப்படிச் சொல்வது, சுடர் திரியை விட்டு மேலே எழும்பியது. திரி கீழே, சுடர் தனியே ஒரு விரல்கடை உயரத்தில், பிடிக்க ஆளில்லாமல் மிதந்தது. மறுகணம் இல்லை. நூர்ந்த திரியின் புகை மேலே வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேலே, தட்டையாக, வெள்ளையாக, பாய் விரித்தாற்போல் பரவி நின்றது. அந்தப் புகையினால்தான் முதல் தடவையாக அதைக் கண்டோம். ஒரு வெறுமை என்று நான் பயந்த இடம் முழுக்க நிறைந்திருந்தது. எத்தனையோ கோடை வெளிச்சம் பழமாகி, பழம் வைனாகி, அந்த வைன் தன்னைத் தானே மூடிப் பாதுகாத்துக்கொண்டு அங்கே கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தோத்திரம்," என்றார் கீழே நின்ற சீலன் அண்ணை, மெதுவாக. அவருக்கு அந்தப் புகை தெரியவில்லை, என் முகம் தெரிந்திருக்கிறது. மற்றப் பக்கத்தில் இன்னொரு ஏணியில் ஏறி நின்ற ஹென்ரிக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

திரியைத் திரும்பக் கொளுத்திப் புதுத் தொட்டியில் இறக்கினேன். அங்கே அது ஆனந்தமாக எரிந்தது. அடி வரைக்கும் எரிந்தது. அங்கே இருந்தது முழுக்கக் காற்று. "சனியன், எப்பிடி எரியுது பார்" என்று என் வாய் கடைசியில் திறந்துவிட்டது.

அந்தக் கோபத்தில்தான் வழி தெரிந்தது. மூலையில் இன்னொரு தொட்டி, கடைசியாகப் பறித்த பழத்தின் சாறு, இன்னும் கொதிக்கிற மாதிரிப் பொங்கிக்கொண்டு நின்றது. அதன் மூச்சு ஒரு ரப்பர்க் குழாய் வழியே தண்ணீர் வாளிக்குள் வந்து குமிழி குமிழியாக வீணாகிக்கொண்டிருந்தது. குழாயை வாளியிலிருந்து எடுத்து, நீட்டி, புதுத் தொட்டிக்குள் விடச் சொன்னேன். ஹென்ரிக்குக்கு உடனே விளங்கிவிட்டது. "ஒரு தொட்டி இன்னொரு தொட்டிக்கு மூச்சுக் குடுக்கிறதோ?" என்றார். அதேதான் என்றேன். கதவுகளை அகலத் திறந்துவைத்தோம், அந்த மூச்சு தரையில் தேங்கி எங்களைக் கொன்றுவிடக் கூடாதே.

பிறகு காத்திருந்தோம். அதுதான் அன்றைக்கு நாங்கள் செய்த மிகக் கஷ்டமான வேலை. ஹென்ரிக்கின் கை பம்பையே தேடியது. "ஏதாவது செய்வம்," என்று அவர் சொல்லச் சொல்ல, "செய்யிறம்தானே, நிக்கிறம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை தெரிந்தவர்களுக்குத்தான் சும்மா நிற்பது கஷ்டம். பிழையை மறைக்கிற அவசரத்தில் செய்கிற காரியம்தான் பிழையைவிட அதிகமாகக் கெடுக்கும், இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பொழுது இருட்டத் தொடங்கியபோது புதுத் தொட்டியிலும் சுடர் எழும்பி, மிதந்து, நூர்ந்தது. மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் போலக் கைதட்டினோம்.

பிரிட்டா வந்தபோது நாங்கள் ஒளிக்கவில்லை. சீலன் அண்ணை எழுந்து, "என்ரை வாயாலை வந்தது" என்றார். "இல்லை, என்ரை காதாலை வந்தது" என்றார் ஹென்ரிக். பிரிட்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். கோபத்தில் அவள் கத்துகிற ஆள் இல்லை, உதடு மட்டும் நூல்போல மெலிந்துவிடும். "அந்தச் சுடரை எனக்குக் காட்டு" என்றாள். காட்டினேன். புகை பாய் விரித்ததைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் ஏணியில் நின்றாள். இறங்கி வந்து, "ரண்டையும் பிரிச்சே வைப்பம். அந்தந்த அளவுத் தொட்டியிலை, விளிம்பு வரைக்கும் நிரப்பி. போச்சோ இல்லையோ வசந்தத்திலைதான் தெரியும்" என்றாள். ஒரு பாதி மண்டியோடு, ஒரு பாதி மண்டியில்லாமல். மறுநாள் அந்தத் தாளை எழுதிக் கதவில் வைத்தேன்.

அந்தக் குளிர்காலம் போகமாட்டேன் என்று கிடந்தது. ஜனவரியில் பக்கத்துக் காணிக்காரர் கையில் சிவப்பு நாடாச் சுருளோடு எங்கள் வேலி ஓரம் நடந்து, கண்ணால் வரிசை அளந்துகொண்டிருந்ததைக் கண்டேன். கை காட்டினார். நானும் காட்டினேன், என்ன செய்கிறது.

மார்ச்சில் ஒரு காலை. வெளியே சரிவில் திட்டுத்திட்டாகப் பனி, நடுவே அதே காய்ந்த தடிகள். உள்ளே பிரிட்டா இரண்டு தொட்டியிலிருந்தும் எடுத்து ஊற்றினாள். மண்டியில்லாத பாதி ஊசி மாதிரி இருந்தது, வெளிச்சமாக, கூர்மையாக, தனியே குடித்தால் பல் கூசும். மண்டியோடு கிடந்த பாதி உருண்டு திரண்டு இருந்தது, ஆனால் தூங்கி வழிந்தது. பிரிட்டாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.  இரண்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது, அவளுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும், கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள்.

பிறகு ஒன்றை எடுத்து மற்றதற்குள் ஊற்றினாள். சும்மா, எச்சில் கிளாஸ்களைக் கழுவப் போகிறவள் ஊற்றுகிற மாதிரி.

மணம் முதலில் வந்தது. ஜூன் மாதத்தில் இந்த நாட்டு வேலியோரமெல்லாம் குடை குடையாக வெள்ளைப் பூ பூக்குமே, சாறு காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே, அந்தப் பூ. அதன் பின்னால் பேரிக்காய். பனி கிடக்கிற மார்ச் மாதத்துக் கொட்டிலுக்குள் கோடை முழுக்க வந்து நின்றது. வாயில் வைத்தேன். முதல் நாள் தோட்டத்தில் பிய்த்துத் தின்ற பழம், அந்த இனிப்பு, ஓடி வந்து பிடிக்கிற அந்தப் புளிப்பு, ஆனால் இப்போது ஒன்றை ஒன்று துரத்தாமல் கை கோத்துக்கொண்டு வந்தன.  பிரிட்டா கிளாஸைச் சீலன் அண்ணையிடம் நீட்டினாள். அவர் குடிக்கவில்லை. மூக்கருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, அப்படியே நின்றார்.

"அண்ணை?" என்றேன்.

"பொறு, தங்கச்சி," என்றார். "இதை நானோ கெடுத்தனான்?"

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்துக் காணிக்காரர், பூட்ஸில் சேறோடு, பதில் கேட்க வந்திருந்தார். பிரிட்டா ஒரு கிளாஸை அவர் கையில் கொடுத்தாள். பியர் குடிக்கிற மனிதர், ஒரே மடக்கில் குடித்துவிட்டார். பிறகு வெறும் கிளாஸை மணந்து பார்த்தார். திறந்த கதவு வழியே சரிவில் நின்ற தடிகளைப் பார்த்தார். "இது இஞ்சையோ விளைஞ்சது?" என்றார்.  அவர் பெருமூச்சு விட்டார். பாவம், சரிவு தனக்கில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அப்ப, இந்த வருசமும் இந்த விசர் பிடிச்ச வேலைதானோ?"

பிரிட்டா கதவில் இருந்த தாளைப் பார்த்தாள். சீலன் அண்ணையைப் பார்த்தாள். எங்களிடமிருந்து இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்லை, எங்கள் நீளத்திலேயே, ஒரு மாத்திரையும் குறையாமல் சொன்னாள்.

"ஓம்."

பக்கத்துக் காணிக்காரர் அதைத் தன் மொழியில் கேட்டார். "இன்னொரு தரமோ? சரி," என்று வெறும் கிளாஸை நீட்டினார்.

சீலன் அண்ணைதான் ஊற்றினார்.